சர்க்கரை போட்ட டப்பா

என் அம்மா யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. எதிர்வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்த கிண்ணம் கழுவிக் காய்ந்து, ஒரு கைப்பிடி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ, ஒன்றுமே இல்லாத நாளில் கொஞ்சம் சர்க்கரையோ உள்ளே விழுந்த பிறகுதான் எங்கள் வாசலைத் தாண்டும். திருவொற்றியூரில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அம்மாவுக்கு அது கொஞ்சம் முற்றிய வியாதி. அங்கன்வாடியில் சமையல் வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பாத்திரங்களோடுதான் பேச்சு. எந்தத் தூக்கைத் திருப்பினாலும் அடியில் பேர் வெட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். பேர் இல்லாத பாத்திரம் அவளைப் பொறுத்தவரை அனாதை.

இந்தப் பழக்கத்தால் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மூடப் பார்த்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதான்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் அடுக்கி வைத்த ஒரு கிடங்கு. அதன் மாடியில் ஒரே ஓர் அறை. கிடங்கு, நாங்கள் பெரிய பாய் என்று கூப்பிட்ட முதலாளியுடையது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்டு, துடைப்பம், அரிசி, வெங்காயம் என்று வேண்டிய சாமானெல்லாம் போடுகிற வியாபாரம் அவருக்கு. கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் மகனை நாங்கள் சின்ன பாய் என்போம். படித்து முடித்துவிட்டு, கயிறு விற்க மாட்டேன், வலைத்தளம் கட்டிக் கொடுப்பேன் என்று அடம் பிடித்து அப்பாவிடம் அந்த மாடியை வாங்கியிருந்தார். வேலைக்கு இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், எம்.கே.பி. நகர்க்காரி. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மாடிப்படி ஏறும்போதே தேங்காய் நார் வாசனையும் தார் வாசனையும் கூடவே ஏறி வரும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்கு வெளியே முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். காலையில் பார்த்த கப்பல் சாயங்காலமும் அதே இடத்தில் நிற்கும். மத்தியான வெயிலில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு அழிந்துபோய், கப்பல்கள் எதன்மேலும் நிற்காமல் சும்மா தொங்குவது போலிருக்கும். நான் கீபோர்டில் கை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "கனவு கண்டது போதும், கையத் தட்டு" என்பாள் அக்கா.

கனவு காண நேரமும் இருந்தது. எங்கள் வேலையே அப்படி. வலைத்தளம் கட்ட ரெயில்ஸ் என்ற சட்டகம் அப்போது பேர் வாங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டுகிறவனுக்குத் தூணும் உத்தரமும் தயாராக வந்து இறங்குவது மாதிரி, தளத்தின் எலும்புக்கூட்டை அது கொடுத்துவிடும். மற்றதற்கெல்லாம் ஜெம்கள். ஜெம் என்றால் யாரோ ஒருவர் எழுதி, கட்டிப் பொதிந்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போன சின்னப் பொதி. படத்தைச் சிறிதாக்க ஒன்று, நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்ட ஒன்று, கடவுச்சொல் கேட்டு ஆளை உள்ளே விட ஒன்று. பிரித்துப் பார்த்தால் உள்ளே எழுதியவர் பேர் இருக்கும், பாத்திரத்தின் அடியில் வெட்டின மாதிரி.

எனக்கு அந்தப் பேர்களின் மேல் ஒரு மயக்கம். உச்சரிக்கத் தெரியாத பேர்கள். எந்த ஊர், எந்தக் கடற்கரை, வயதென்ன, ஒன்றும் தெரியாது. நமக்கு இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே பனி பெய்துகொண்டிருக்கலாம். அந்த ஆள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பட்டியலை எப்படிப் பக்கம் பிரிப்பது என்று யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். ராயபுரத்தில் கயிற்றுக் கிடங்கின் மேல் ஒருத்தி அதை எடுத்து வெங்காய மூட்டைப் பட்டியலைப் பிரித்துக் காட்டுவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவரை நான் நினைத்துக்கொள்வேன். காசில்லாமல் செய்ய முடிந்தது அதுதான்.

ஜெம்மிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தனியாக வராது. ஒன்றைக் கூப்பிட்டால், எனக்கு இன்னொன்று வேண்டும் என்று நிற்கும். அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தால் அதற்கு வேறு இரண்டு வேண்டும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் மச்சான், மச்சானுக்குச் சகலை என்று வேன் எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்களே, அந்தக் கதை. நல்ல இணைய இணைப்பு இருந்தால் இந்தக் கும்பல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மாடியில் இருந்தது டெலிபோன் ஒயர் வழியாக வரும் இணைப்பு. கீழே யாராவது போனை எடுத்தால் வந்த ஜெம் பாதியில் அறுந்துவிடும்.

அதனால் அக்கா ஒரு வழி செய்தாள். எம்.கே.பி. நகரில் அவள் வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் காலைவேளையில் கூட்டமிருக்காது. வேலைக்கு வரும் முன் அங்கே உட்கார்ந்து ஜெம்களை ஒவ்வொன்றாக இறக்கி, சி.டி.யில் எழுதிக்கொண்டு வருவாள். இங்கே வந்து போட்டால், இன்னொன்று வேண்டும் என்று அது கேட்கும். சரி என்று மறுநாள் அதைக் கொண்டு வருவாள். மாதக்கணக்கில் இப்படிச் சேர்ந்த சி.டி.கள் ஓர் உருளை வடிவ பிளாஸ்டிக் டப்பாவில், நடுவில் குச்சி நட்டு அடுக்கியிருந்தன. கீழே கறுப்பு அடி, மேலே கண்ணாடி மாதிரி மூடி. முறுக்கு போட்டு வைக்கலாம் போல இருக்கும். அன்றன்றைக்கு நாங்கள் எழுதியதன் பிரதியும் அதிலேயே ஒரு சி.டி.யில் இருக்கும். எங்கள் கம்பெனியின் மொத்தச் சொத்து அந்த டப்பாதான்.

பெரிய பாய்க்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாடி நிறையக் கயிறு வைத்திருந்தால் கயிறாவது விற்றிருக்கும். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது அவர் கடைக்கான தளம். கப்பல்காரர்கள் கடலில் இருந்தபடியே சாமானைப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம் என்பது சின்ன பாயின் யோசனை. அது முடியும் நேரத்தில் ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் ஏறி இறங்கிய கரண்டில் மாடியிலிருந்த இரண்டு கம்ப்யூட்டரும் கருகிப்போயின.

பெரிய பாய் மேலே வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். மகனிடம் நிதானமாகத்தான் சொன்னார்.

"நான் பார்த்த வரிக்கும் இது பொகையத்தான் செஞ்சிகீது. வர்ற திங்கக்கெழம நம்ம கடை மிஷின்ல ஓட்டிக் காட்டு. ஓடுனா சரி. ஓடல, ரூம்ப காலி பண்ணு. மழையில கயிறு நனைஞ்சிகினு கீது."

சின்ன பாய் முகம் சுண்டிப்போனது. இந்த வேலை போனால் வீட்டில் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா நிலைமை இன்னும் மோசம். நான்கு கம்பெனிகளில், குழந்தை இருக்கிறதே, தூரமாயிற்றே, வீடு எந்தப் பக்கம் என்று சுற்றி வளைத்துக் கேட்டு அனுப்பிவிட்ட பிறகு, ஒன்றும் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்ட இடம் இது. அவள் நாற்காலியில் ஒரு குஷன் தைத்துப் போட்டிருந்தாள். காலி பண்ணு என்றதும் அந்தக் குஷன் மேல் கையை வைத்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் வீட்டில் ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மீதி வேலையை அதில் முடித்துவிடலாம் என்று அக்காவிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு போனேன். சி.டி.களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஜெம்களை அவை கேட்ட வரிசைப்படி உட்கார வைத்து, சனி, ஞாயிறு இரண்டு நாளில் தளத்தை முடித்து, அதையும் ஒரு சி.டி.யில் எழுதி டப்பாவில் வைத்தேன். அக்கா ஞாயிறு சாயங்காலம் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். திங்கள் காலை நேராகக் கடைக்குப் போய், கடை கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

முடித்த களைப்பில் ஞாயிறு மத்தியானம் படுத்துவிட்டேன். மழை விட்டிருந்தது. எங்கள் சந்து முடிகிற இடத்தில் கடலுக்குத் தடுப்பாகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லுக்குள் புகுந்து வெளியேறுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். தூக்கத்தில் ஜெம்கள் வந்தன. சின்னச் சின்னத் துணிமூட்டைகளாகக் கடலில் மிதந்து வந்தன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் திருப்பிப் பேர் பார்த்தேன். எல்லாம் எனக்குப் படிக்க வராத எழுத்து. ஆனாலும் கனவில் எல்லாரையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் அலை பின்வாங்கியது. சரசரவென்று, மணலும் கிளிஞ்சலும் உருள்கிற சத்தம். எவ்வளவு இதமான சத்தம் என்று நினைத்தபடி புரண்டு படுத்தேன். எங்கோ அக்காவின் குரலும் கேட்டது. "எய்ப்பாதீங்கம்மா, தூங்கட்டும்."

எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். "உங்க அக்கா வந்து டப்பா வாங்கினு போச்சி" என்றாள் அம்மா. நல்லதாயிற்று என்று காபி குடித்தேன்.

திங்கள் காலை கடையில் பெரிய பாய் குல்லா போட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மேஜை ஓரத்தில் பில் அடிக்கிற கம்ப்யூட்டர். சின்ன பாய் மூன்றாவது தடவையாகத் தலை வாரினார். அக்கா பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, மூடியைத் திருகித் திறந்தாள்.

சரசரவென்று ஒரு சத்தம். கண்ணாடி மேஜைமேல் சர்க்கரை கொட்டியது.

முந்தைய நாள் தூக்கத்தில் பின்வாங்கிய அலை அதுதான் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அம்மா செய்தித்தாளைச் சுருட்டிச் சர்க்கரையைக் கொட்டி, பொட்டலம் மடித்து, டப்பாவில் சி.டி.களுக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் வைத்து மூடிக் கொடுத்திருக்கிறாள். கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப் போட்ட ரோட்டில் பேருந்து குலுங்கின குலுக்கலில் பொட்டலம் அவிழ்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் எடுத்து வைக்கலாம் என்று அக்கா நினைத்திருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல். பை ஆணியில் மாட்டின மாட்டல் அப்படியே காலையில் கடைக்கு வந்துவிட்டது. மழைக்கால ஈரம் வேறு. ஒவ்வொரு சி.டி.க்கும் நடுவே சர்க்கரை பிசுபிசுத்து ஒட்டியிருந்தது.

"உள்ள வெக்கும்போது நீ பாக்கலியா அக்கா?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"பாத்தேன். அதுக்கு இன்னா பண்றது? சக்கரய வேணாம்னு சொல்ல முடியுமா? நீயா இருந்தா சொல்லுவியா?"

நானும் சொல்லமாட்டேன். அதுதான் எனக்குக் கோபம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபத்தைப் போல ஒரு பேஜாரு உலகத்தில் இல்லை.

துடைத்தோம். அக்கா துப்பட்டா நுனியில், நான் கைக்குட்டையில். துடைக்கத் துடைக்கச் சர்க்கரை மணிகள் சி.டி.யின் முதுகில் மெல்லிய கோடுகள் போட்டன. சிலது ஓடின. சட்டகம் ஏறியது. கடவுச்சொல் ஜெம் ஏறியது. பக்கம் பிரிப்பது ஏறியது. சின்ன பாய்க்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. படத்தைச் சிறிதாக்குகிற ஜெம்மைக் கூப்பிட்டோம். அது தன் கூட்டாளியைக் கேட்டது. கூட்டாளி இருந்த சி.டி.யைப் போட்டால், கம்ப்யூட்டர் அதை உள்ளே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. துடைத்துப் போட்டோம். தள்ளியது. ஊதிப் போட்டோம். தள்ளியது. படம் இல்லாமல் தளம் திறக்கவே மாட்டேன் என்றது.

பெரிய பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மேஜைமேல் கிடந்த சர்க்கரையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"யாரு வூட்டு சக்கர இது?"

"எங்க அம்மா போட்டது பாய்" என்றேன். "டப்பாவ வெறுமனே திருப்பக் கூடாதுன்னு."

"கூடாதுதான்" என்றார் அவர்.

அப்போது அக்கா தலை நிமிர்ந்தாள். "உங்க வூட்டு மிஷின்ல எல்லாம் ஏறித்தான கீது? நேத்து ஓடிச்சில்ல?"

ஓடியது. ஜெம்கள் எல்லாரும் அங்கே கூடி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் குறையாமல். அந்தக் கம்ப்யூட்டரின் பெட்டி மட்டும் இங்கே வந்துவிட்டால் போதும். ஆனால் நான் போய் எடுத்து வருவதற்குள் பெரிய பாய் மத்தியான லுஹர் தொழுகைக்கு எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு கப்பலுக்குச் சாமான் ஏற்றப் போனால் இன்றைக்குத் திரும்ப மாட்டார். எதிர்வீட்டு அத்தையின் செல்போனுக்கு அடித்து, அங்கன்வாடியிலிருந்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"எம்மா, நீ போட்ட சக்கரையால இங்க எல்லாம் நாசமாச்சி" என்றுதான் ஆரம்பித்தேன். அம்மா "இப்ப இன்னா பண்ணணும், அத்த சொல்லு" என்றாள்.

"டேபிளுக்குக் கீழ நிக்குதே பெரிய பொட்டி, சுச்ச அமத்திட்டு பின்னாடி ஒயரெல்லாம் புடுங்கு. டி.வி. மாதிரி இருக்கறது வேணாம். பொட்டிய மட்டும் எட்த்துகினு ரயிலேறி ராயபுரம் வா. கீழ போட்றாத."

"அதுக்குள்ளதான் எல்லாரும் கீறாங்களா?"

"எல்லாம் அதுலதான்" என்றேன். 'எல்லாரும்' என்று அவள் கேட்டது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் வேலை செய்யும்போது ஜெம் எழுதினவர்களின் பேர்களை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருக்கிறாள் போலிருக்கிறது.

காத்திருந்தோம். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. பெரிய பாய் எங்களுக்கு டீ வரவழைத்தார். கோபக்காரர்தான், ஆனால் கடைக்கு வந்தவர் டீ குடிக்காமல் இருந்ததில்லை. குடித்துக்கொண்டே அக்காவிடம் கேட்டார்.

"இந்த தட்டுல இருக்கறத எல்லாம் யாரு செஞ்சது? நீங்களா?"

"இல்ல பாய். எங்கெங்கியோ இருக்கறவங்க."

"இன்னா வாங்குறாங்க அதுக்கு?"

"ஒண்ணும் வாங்கல. எட்த்துக்கோன்னு வெச்சிட்டு போய்கீறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். வியாபாரி அல்லவா. "சரி, நீங்க இன்னா குடுத்தீங்க அவங்களுக்கு?"

"இது வரிக்கும் ஒண்ணும் இல்ல பாய்" என்றாள் அக்கா.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். அக்காவின் முகம்தான் மாறிப்போயிற்று. டப்பாவின் அடியை மடியில் வைத்துக்கொண்டு, மீதிச் சர்க்கரையை ஒரு காகிதத்தில் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தாள். நான் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று நகராமல் நின்றது. அன்று காலை முழுக்கவே நகராமல் நின்றுவிட்டது போலத் தோன்றியது. எங்கள் மாடி, ஜன்னல், தொங்குகிற கப்பல்கள், எல்லாம் இனி யாரோ சொல்லிக் கேட்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அம்மா வந்தாள். தூரத்திலிருந்து பார்த்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, அதற்கு மேல் அரிசி மூட்டைப் பிளாஸ்டிக்கைப் போர்த்தி, இரண்டு கையாலும் மாரோடு அணைத்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெட்டியில் ஒரு பொட்டு ஈரமில்லை. மேஜைமேல் இறக்கிவிட்டு, "ரயில்ல ஒரு ஆளு மேல வைமான்னான். நான் வெக்கல" என்றாள்.

கடைக் கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்கி இதில் செருகினோம். சுவிட்சைப் போட்டேன். பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்று சொல்லிவிட்டேன், உண்மையா பொய்யா என்று தெரியாமலே.

அக்கா பெட்டியின் பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே ரேம் என்கிற நினைவகப் பட்டை குலுக்கலில் தளர்ந்திருந்தது. வெளியே எடுத்து, "பாய், ரப்பர் குடுங்க" என்றாள். பில் எழுதுகிற பென்சிலின் பின்னாலிருந்த ரப்பரால் பட்டையின் பித்தளை நிறப் பற்களை அழுத்தித் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினாள். எங்கள் தொழிலில் பாதி வைத்தியம் அதுதான். சுவிட்சைப் போட்டேன்.

வந்தது. சட்டகம், கடவுச்சொல், பக்கம் பிரிப்பது, படத்தைச் சிறிதாக்குவது என்று என் கனவில் மிதந்து வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். பெரிய பாயின் கடை திரையில் திறந்தது. கயிறு, பெயிண்டு, அரிசி. சின்ன பாய் கயிற்றின்மேல் அழுத்தினார். கிடங்கில் சுருட்டி வைத்த மணிலாக் கயிற்றின் படம் பெரிதாக வந்தது. பெரிய பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கயிற்றை வெகுநேரம் பார்த்தார். தினமும் பார்க்கிற கயிறுதான்.

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்கதான் சக்கர போட்ட அம்மாவா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஆமாங்க. தெரியாம பண்ணிட்டன். இவங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகனிடம் சொன்னார்: "ஓடிச்சி, சரி. ஓடலன்னாலும் இனிமே எப்டிடா மூடுறது? மழையில புள்ளையாட்டம் தூக்கினு வர்றதுக்கு ஆளு கீற கம்பெனி இது. ரூம்பு இருக்கட்டும். கயித்த வேற எங்கனா போட்டுக்கலாம்."

அக்கா அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன பாய் நாலாவது தடவையாகத் தலை வாரினார்.

ரயிலில் திரும்பும்போது பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். தண்டையார்பேட்டை தாண்டினதும் அம்மா கேட்டாள், "அவ்ளோ பேஜாரு பண்ணிட்டனா?"

"ஆமா."

"வெறும் டப்பாவா குடுத்தா அந்தப் பொண்ணு மறுக்கா எப்டி நம்ம வூட்டுக்கு வருவா?" என்றாள். வாதாடுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். கப்பல்காரர்கள் ஒரு கணக்கில் கேட்பார்கள், கடையில் இன்னொரு கணக்கில் இருக்கும். சுருள், டிரம், மூட்டை, கட்டு என்று ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்க நாங்கள் எழுதியிருந்த சின்ன நிரல் ஒன்று தளத்துக்குள் இருந்தது. அதைத் தனியே பிரித்தெடுத்து, தூசி தட்டி, எப்படி உபயோகிப்பது என்று விளக்கம் எழுதி, ஒரு ஜெம்மாகப் பொதிந்தோம். ஆங்கிலத்தில் விளக்கம் எழுதத்தான் இருவருக்கும் உயிர் போயிற்று. எழுதியவர் பேர் என்று ஓரிடம் இருந்தது. அக்கா இருவர் பேரையும் அதில் போட்டாள். "பேர் வெட்டியாச்சி" என்றாள். பிரவுசிங் சென்டரில் ஒரு காலை நேரத்தில் அதை இணையத்தில் ஏற்றிவிட்டு வந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தது. கப்பல்கள் வந்து தொங்கின, போயின. யாரும் அதை எடுத்ததாகவே தெரியவில்லை. எனக்கு ரோஷமாகக்கூட இருந்தது. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்திருந்தது. படிக்க வராத பேர். ஏதோ வடக்குத் தேசத்துத் துறைமுகம். அங்கேயும் கப்பலுக்குச் சாமான் போடுகிற கடையாம். எங்கள் ஜெம்மை எடுத்து உபயோகித்தாராம். ஒரு கணக்கில் நாங்கள் செய்திருந்த தப்பைத் திருத்தி அனுப்பியிருந்தார். கூடவே, நாங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தார்: அவர்கள் ஊர் மீன்பெட்டிக் கணக்கு. உங்களுக்கு உதவுமோ என்னவோ, இருக்கட்டும் என்று ஒரு வரி. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்கா ஒரு தடவை படித்துவிட்டு, குஷனைச் சரிசெய்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனவு கண்டது போதும் என்று அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அங்கன்வாடிக்கு மறுநாள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, நானும் அக்காவும் ஒண்ணு செஞ்சி வெச்சோம்ல, அத்த எங்கியோ ஒரு தேசத்துல ஒருத்தர் எட்த்து, வேல முடிஞ்சி திருப்பி அனுப்பிகீறாரு."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெறுமனேயா?"

"இல்லம்மா. உள்ள ஒண்ணு வெச்சி."

ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப நல்ல வூட்டு புள்ளதான்."